பழகிய நண்பர் மாறிப்போனால்: இன்யூயிட் பெரியவர்களும் வெப்பமானியும்

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள ஆர்க்டிக் பகுதியில், அங்கே பூர்வகுடிகளான இன்யூயிட் மக்களின் வழிவழி அறிவையும் வானிலை அறிவியலையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்களாமே, அது நடைமுறையில் எப்படி? இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யாரை நம்புவது? பருவநிலையே மாறிவிட்டபோது பழைய அறிவு எதற்கு உதவும்?

தினமும் தரவுகளோடு வேலை செய்கிறவன் நான். அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

கனடாவின் வடக்கே நூனாவுட் என்ற பிரதேசம் இருக்கிறது. 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டது. மக்களில் பெரும்பான்மையோர் இன்யூயிட்கள். அங்கே பேக்கர் லேக் என்று ஒரு ஊர். அவர்களுடைய இனுக்டிடூட் மொழியில் கமானித்துவாக். நூனாவுட்டில் கடற்கரையில் அமையாத ஒரே ஊர் அதுதான். காரிபூ மான் வேட்டையும் ஏரி மீனும் அவர்கள் வாழ்க்கை. 2000ஆம் ஆண்டையொட்டி அந்த ஊர்ப் பெரியவர்கள் அங்கே வந்த ஆய்வாளர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: வானிலை முன்போலப் பிடிபடவில்லை.

அதற்கு இனுக்டிடூட்டில் ஒரு சொல் உண்டு, உக்கியானக்துக். நன்றாகத் தெரிந்த ஒருவர், எதிர்பாராத நேரத்தில், தன் இயல்புக்குச் சம்பந்தமே இல்லாமல் நடந்துகொள்வதைக் குறிக்கும் சொல் அது. இருபது வருடம் பழகிய நண்பர் ஒருநாள் முகம் கொடுத்துப் பேசாமல் போனால் நமக்கு எப்படி இருக்கும்? வானிலையைப் பற்றி அந்தப் பெரியவர்களுக்கு அப்படி இருந்தது.

முன்பெல்லாம் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் மேகத்தின் வடிவம், காற்று திரும்பும் விதம், நட்சத்திரம் மினுங்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்து, நாளைக்குப் போகலாம், நாளன்றைக்கு வேண்டாம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இப்போது அவர்களில் சிலர் சொல்வதையே விட்டுவிட்டார்கள். தன் வார்த்தையை நம்பிப் போனவர் திரும்பி வராவிட்டால் என்ற பயம்.

இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு ஒரு விவரம் சொல்கிறேன். வெட்டவெளியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர் அந்தக் காலத்தில் அங்கேயே பனியை வெட்டிப் பனிவீடு கட்டி உள்ளே புகுந்துகொள்வார். அதற்குப் பதமான பனி வேண்டும். கத்தியால் அறுக்கும்போது உதிரவும் கூடாது, கல்லாக இறுகியிருக்கவும் கூடாது. காற்றின் போக்கு மாறியதால் பனி மிகவும் இறுகிப் போய்விடுகிறது, அவசரத்துக்குப் பனிவீடு கட்ட முடிவதில்லை என்று பேக்கர் லேக் மக்கள் சொன்னார்கள். ஆக, வானிலையைக் கணிப்பதும் கடினமாகிவிட்டது, கணிப்பு தவறினால் தப்பிக்கும் வழியும் குறுகிவிட்டது.

சரி, அறிவியல் பக்கம் என்ன சொன்னது? பேக்கர் லேக்கில் வானிலை நிலையம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக மணிக்கொரு முறை வெப்பநிலை பதிவாகியிருக்கிறது. வெப்பம் கூடியிருப்பது அதில் தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் சொன்ன அந்தத் தாறுமாறு தெரியவில்லை. உலகின் பிற இடங்களில் செய்த கணக்குகளோ வானிலை முன்பைவிடக் கொஞ்சம் சீராக நீடிக்கிறது என்ற பக்கமே சாய்ந்தன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த எலிசபெத் வெதர்ஹெட் என்ற ஆய்வாளர் இந்தப் பொருத்தமின்மையை எடுத்துக்கொண்டார். அவரோடு சேர்ந்தவர் ஷாரி கியர்ஹர்ட். இவர் புவியியலாளர், நூனாவுட்டிலேயே குடியேறி வாழ்ந்தவர். ஒரு வாரம் வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போனவர் இல்லை. அந்தப் பெரியவர்கள் எந்தப் பருவத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், "பிடிபடவில்லை" என்றால் எது பிடிபடவில்லை என்று உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள அவரால் முடிந்தது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நானே எழுதியவை. ஒரு வாரத்தின் பிற்பகல் வெப்பநிலை, திங்கள் முதல் ஞாயிறு வரை, இப்படி: −6, −5, −4, −3, −2, −1, 0. இன்னொரு வாரம் இப்படி: −6, 0, −5, −1, −4, −2, −3.

இரண்டிலும் இருப்பவை அதே ஏழு எண்கள். சராசரி இரண்டுக்கும் −3. மிக அதிகமான வெப்பநிலை ஒன்றே, மிகக் குறைந்ததும் ஒன்றே, சராசரியைச் சுற்றி எண்கள் சிதறியிருக்கும் அளவும் ஒன்றே. மாத அறிக்கையில் இந்த இரண்டு வாரங்களையும் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆனால் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் நூறு கிலோமீட்டர் போக வேண்டியவரை யோசித்துப் பாருங்கள். முதல் வாரத்தில் அவர் இன்றைய பொழுதைப் பார்த்தே நாளைய பொழுதைச் சொல்லிவிடலாம். தவறினாலும் ஒரு டிகிரிதான். இரண்டாவது வாரத்தில் திங்கட்கிழமை உறைந்து கிடந்த தரை செவ்வாயன்று நசநசவென்று ஆகிறது, புதனன்று மறுபடி உறைகிறது. வாரம் வேறு வாரமாகிவிட்டது. சராசரிக்கு மட்டும் அது தெரியவில்லை.

இன்றைய வானிலை எவ்வளவு தூரம் நாளைக்கும் நீடிக்கிறது என்பதை அளக்கப் புள்ளியியலில் வழி உண்டு. அதை நீடிப்புத்தன்மை என்று சொல்லலாம். வெதர்ஹெட் குழு பேக்கர் லேக்கின் பழைய பதிவுகளை எடுத்து, சராசரியை விட்டுவிட்டு இந்த நீடிப்புத்தன்மையைக் கணக்கிட்டது. ஆண்டு முழுவதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காமல், பெரியவர்கள் குறிப்பாகச் சொன்ன வசந்தகாலத்தைத் தனியாகப் பார்த்தது. மே, ஜூன் மாதப் பிற்பகல்களில், ஆய்வுக்கு முந்தைய ஆண்டுகளில், ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் உள்ள ஒட்டுதல் குறைந்திருந்தது. பெரியவர்கள் சொன்ன அதே பருவம், அதே போக்கு. கட்டுரை 2010இல் வெளியானது.

இதைப் பற்றி எழுதுகிற பலரும் "பழங்குடியினர் சொன்னதை அறிவியல் உறுதிசெய்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. அது ஆசிரியர் விடைத்தாளுக்குச் சரி போடுவது போல இருக்கிறது. நடந்தது வேறு. வெப்பநிலைப் பதிவுகள் அத்தனையும் பல வருடங்களாக அங்கேயேதான் கிடந்தன. கணக்கிடும் முறையும் பழையதுதான். இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று: எதைக் கணக்கிட வேண்டும் என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். எந்த மாதத்தைப் பார்க்க வேண்டும், எந்த விதமான மாற்றத்தைத் தேட வேண்டும் என்று காட்டியதும் அவர்கள்தான். ஒரு ஆய்வில் இதைவிடப் பெரிய பங்களிப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: உருப்படியாக நடந்த இடங்களில், எதை அளப்பது, எங்கே அளப்பது, எப்போது அளப்பது என்ற முடிவில் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களின் பேச்சுக்கு இடம் இருந்திருக்கிறது. முடிவெல்லாம் எடுத்த பிறகு அறிக்கையின் ஓரத்தில் ஒரு பெரியவரின் பொன்மொழியைச் சேர்ப்பது அலங்காரம் மட்டுமே. அதை இணைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி இரண்டாவது கேள்வி, இரண்டும் ஒத்துப்போகாதபோது. நூனாவுட்டிலேயே உள்ள பாஃபின் தீவின் கிழக்குக் கரையில் கிளைட் ரிவர் என்ற ஊர் இருக்கிறது, இனுக்டிடூட்டில் காங்கிக்துகாப்பிக். சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். கியர்ஹர்ட் குடியிருந்தது இங்கேதான். இங்கே பேச்சு காற்றைப் பற்றியது. காற்றின் வேகம் கூடிவிட்டது, திசை மாறிவிட்டது, சட்டென்று கிளம்புகிறது என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். அதையும் கியர்ஹர்ட் குழு நிலையத்துப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தது. இதுவும் 2010இல் கட்டுரையாக வந்தது. எழுதியவர்களில் உள்ளூர் இன்யூயிட் ஒருவரும் உண்டு. சில விஷயங்கள் பொருந்தின. சில பொருந்தவில்லை.

பொருந்தாத இடத்தில் அவசரப்பட்டு யாருக்காவது தீர்ப்பு எழுதிவிடுவது சுலபம். அதற்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள். வானிலை நிலையம் இருப்பது ஊர் விமானத்தளத்தில். அந்தக் கரை முழுக்க மலைகளைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் நீண்ட கடல் இடுக்குகள். செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு இடையே காற்று புனலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி வேகம் பிடிக்கும். அடுத்த வளைவில் அடங்கியும் போகும். ஊரில் இலை அசையாத நாளில் (அங்கே மரம் கிடையாது, நம் வழக்கில் சொல்கிறேன்) நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கடல் இடுக்கின் வாயில் ஆளைத் தள்ளும் காற்று அடிக்கலாம். நிலையம் ஒரே புள்ளியில் நின்று எல்லா மணிநேரமும் அளக்கிறது. வேட்டைக்காரர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றுகிறார்; ஆனால் தான் இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் மட்டும் பார்க்கிறார். இருவரும் சொல்வது வேறு வேறு காற்றைப் பற்றி. அப்படியிருக்க எண்கள் அச்சாகப் பொருந்தினால்தான் நான் சந்தேகப்படுவேன்.

அந்தக் குழு அடுத்துச் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சிலாலிரிஜீட் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வானிலையைப் பற்றி யோசிக்கிறவர்கள், அதில் வேலை செய்கிறவர்கள் என்று பொருள். வானிலையியலாளர்களும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, புதிய கருவிகளை எங்கே நட வேண்டும் என்று பேசினார்கள். மக்கள் உண்மையில் பயணம் போகும் பகுதிகளில், காற்று ஆளை ஏமாற்றும் என்று வேட்டைக்காரர்கள் கருதும் இடங்களில், மூன்று நிலையங்கள் வைத்தார்கள். அங்கே என்ன காற்று, என்ன குளிர் என்பதை ஊரில் இருந்தபடியே, தங்கள் மொழியிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். முரண்பாட்டை மூடி மறைத்திருந்தால் இந்த மூன்று நிலையங்களும் வந்திருக்காது.

சிலா என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இனுக்டிடூட்டில் சிலா என்றால் வானிலை. வெளி, காற்று, வானம் எல்லாமும் அதுவே. அறிவு, விவேகம் என்பவற்றுக்கான சொற்களும் அதே வேரிலிருந்து வருகின்றன. ஆகவே அவர்களிடம் "வானிலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டால் பதில் வெப்பநிலையோடு நிற்காது. காற்று பனியை என்ன செய்கிறது, பனி மானை என்ன செய்கிறது, மான் எங்கே போகிறது, அதனால் நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். வெப்பநிலை ஒரு கோப்பில், காற்று இன்னொரு கோப்பில், பனி வேறொரு துறையில் என்று பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டு வாங்குவதற்கே பயிற்சி வேண்டும்.

காற்றுக்கும் பனிக்கும் உள்ள உறவுக்கு ஓர் உதாரணம் நூனாவுட்டின் இக்லூலிக் ஊரில் கிடைக்கிறது. மேற்கு-வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அங்கே உவாங்னாக் என்று பெயர். அது தரைப்பனியை அரித்து, நாக்கு நீட்டியது போன்ற கெட்டியான மேடுகளாக ஆக்கிவிடும். அவற்றுக்கு உக்கலுராயித் என்று பெயர். நுனி எப்போதும் ஒரே திசையைக் காட்டும். இருட்டிலும், தரையும் வானும் ஒன்றாகத் தெரியும் வெண்மூட்டத்திலும், இந்த மேடுகளை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்று கவனித்துக்கொண்டே வழி தவறாமல் போய்விடுவார்கள். திசைகாட்டி காலுக்கடியில் செதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிரதான காற்றே திசை மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விமானத்தளத்துக் காற்றுமானியில் அது சில டிகிரி வித்தியாசம். வண்டியோட்டிக்கு அது வீடு போய்ச் சேரும் வழி.

முரண்பாட்டுக்கு இன்னொரு உதாரணம் உண்டு, இது கொஞ்சம் சிக்கலானது. நூனாவுட்டின் பல ஊர்களில் பெரியவர்கள், சூரியன் முன்பு எழுந்த இடத்தில் எழுவதில்லை, பூமியே சாய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வானியல்படி பூமியின் அச்சு அப்படிச் சாயவில்லை. பூமியின் மேற்பரப்பில் துருவம் ஊசலாடுவது மீட்டர் கணக்கில்தான். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு இல்லை. அப்படியானால் அவர்கள் பார்த்தது பொய்யா?

அதற்கு ஒரு பழைய சம்பவம். 1597 ஜனவரி 24. வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் குழு ரஷ்யாவுக்கு வடக்கே நோவாயா செம்லியா தீவில் பனிக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. சூரியன் திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தபோதே அவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டார்கள். ஊரில் போய்ச் சொன்னபோது பலர் நம்பவில்லை. பின்னால்தான் காரணம் புரிந்தது: தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பமான காற்றும் அடுக்காக இருந்தால், ஒளி வளைந்து பூமியின் வளைவோடு சேர்ந்து பயணிக்கும், அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியன் மேலே தெரியும். ஆர்க்டிக் காற்றின் அடுக்குகளில் வெப்பம் மாறினால் சூரியன் தெரியும் இடமும் நேரமும் மாறலாம். பெரியவர்கள் கண்டதற்கு இந்த ஒளிவிலகலைத்தான் விளக்கமாக முன்வைக்கிறார்கள்.

இதில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர் கண்டதையும், கண்டதற்கு அவர் சொல்லும் காரணத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அறுபது வருடம் அதே மலைமுகட்டின் மேல் சூரியன் எழுவதைப் பார்த்தவர் "இடம் மாறிவிட்டது" என்றால் அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "பூமி சாய்ந்துவிட்டது" என்பதை ஏற்க மாட்டேன். விஞ்ஞானிக்கும் இதே விதிதான். அவருடைய அளவீடு சரியாக இருந்து, அதிலிருந்து எடுத்த முடிவு தவறாகப் போனதற்கு ஆர்க்டிக்கிலேயே சாட்சி இருக்கிறது. 1977இல் அலாஸ்காவின் வடகரையில் வில்தலைத் திமிங்கலங்கள் ஓரிரண்டாயிரம்கூட இல்லை என்ற மதிப்பீட்டை வைத்து, அங்குள்ள இனுபியாட் மக்களின் வேட்டைக்குச் சர்வதேசத் திமிங்கல ஆணையம் தடை போட்டது. இனுபியாட்களும் இன்யூயிட் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. நீங்கள் கரைக்கு அருகில் திறந்த நீரில் போவதை மட்டும் எண்ணுகிறீர்கள், பனிக்கட்டிக்கு அடியிலும் தொலைவிலும் போகிறவற்றை விட்டுவிட்டீர்கள் என்றார்கள் வேட்டைக்காரர்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னது சரியாக இருந்தது. 2011 மதிப்பீடு சுமார் 17,000. இடைப்பட்ட காலத்தில் எண்ணிக்கை உண்மையிலேயே பெருகியது என்பதும் இதில் அடக்கம். ஆனாலும் முதல் கணக்கு மிகக் குறைவாகப் போட்டது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்புறம், ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்பது அளவீடுகள் இல்லாமல் தெரியாது. ஏன் சூடாகிறது என்பதற்குக் கரியமில வாயுவின் கணக்கு வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உருவாகும் புயலை மூன்று நாள் முன்னால் பார்க்கச் செயற்கைக்கோளும் கணினி மாதிரியும் வேண்டும். வேட்டைக்காரர்களும் கைபேசியில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அதே சமயம், அந்தப் புயல் குறிப்பிட்ட ஒரு கடல் இடுக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மாதிரியில் பதில் கிடையாது, ஊரில் கிடைக்கும்.

கடல்பனியில், அதாவது குளிர்காலத்தில் உறைந்துபோகும் கடலின் மேல், இது உயிர்ப் பிரச்சினை. கனடாவின் கிழக்கே லாப்ரடார் கரையில் நெயின் என்ற ஊர். நூனாட்சியாவுட் என்ற தன்னாட்சிப் பகுதி இன்யூயிட்களின் ஊர். 2009-2010 பனிக்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. கடல்பனி சரியாக உறையவில்லை. பின்னர் விசாரித்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அந்தப் பருவத்தில் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்திருந்தார். அவர்கள் புதியவர்கள் இல்லை. பனியின் மேலேயே வளர்ந்தவர்கள். அங்கே கடல்பனிதான் சாலை. விறகுக்கும் வேட்டைக்கும் பக்கத்து ஊர் உறவினர் வீட்டுக்கும் அதன் மேல்தான் போக வேண்டும்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பு. நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரெவர் பெல் அதை ஊர் மக்களோடு சேர்ந்து உருவாக்கினார். அவர்கள் பயன்படுத்தும் இரண்டு கருவிகளும் எளிமையானவை. ஒன்று பனிக்கட்டியில் நட்டு வைப்பது: நீளமான குழாயில் வரிசையாக வெப்ப உணரிகள். மேலே காற்று, அதற்கடுத்து பனி, பனிக்கட்டி, அடியில் கடல்நீர் என்று ஒவ்வொரு அடுக்கிலும் வெப்பநிலை வேறுபடும்; அதிலிருந்து பனிக்கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். செயற்கைக்கோள் வழியாகத் தகவல் வந்துவிடும். இன்னொன்று ஓடிக்கொண்டே அளப்பது. இன்யூயிட்களின் மரபான சறுக்குவண்டிக்குக் காமுதிக் என்று பெயர். அதில் மின்காந்த உணரியை வைத்து ஸ்னோமொபைலின் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். உப்புநீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், பனிக்கட்டியில் அவ்வளவாகப் பாயாது. ஆகவே உணரிக்கும் கடல்நீருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கருவி கண்டுபிடித்துவிடும், அதிலிருந்து பனியும் பனிக்கட்டியும் சேர்ந்த தடிமன் தெரியும். வண்டி போகப் போக வழி நெடுக அளவு பதிவாகிறது.

இதை ஓட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்வதும் உள்ளூர்தான். நீரோட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால் எந்த ஜலசந்தியில் பனிக்கட்டி எப்போதும் மெலிந்திருக்கும், எங்கே மேலே கனமாகப் பனி விழுந்து கம்பளி போல மூடி, கீழே பனிக்கட்டி கெட்டிப்படாமல் போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் இரண்டு இடமும் ஒரே வெள்ளையாகத் தெரியலாம். கருவியோடு போகிறவர் கையில் ஈட்டியும் இருக்கும். புதுப் பனிக்கட்டியை அதனால் குத்திப் பார்த்து, எவ்வளவு இறங்குகிறது, எப்படிச் சத்தம் வருகிறது என்று கணிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்; அதை யாரும் விடவில்லை.

ஸ்மார்ட்ஐஸுக்கு முன்பே, 2006ஐ ஒட்டி, இன்னொரு கூட்டு முயற்சியில் கிளைட் ரிவர், கிரீன்லாந்தின் கானாக், அலாஸ்காவின் உட்கியாக்விக் ஆகிய மூன்று ஊர் மக்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய், விஞ்ஞானிகளோடு சேர்ந்து பனிமேல் பயணம் செய்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் தடிமன் அளக்க அவர்கள் வைத்தது ஒரு கம்பி. பனிக்கட்டியில் துளையிட்டு, அடி முனையில் குறுக்குத்தடியோ எடையோ கட்டிய கம்பியை உள்ளே விடுவார்கள். துளை உறைந்து கம்பி சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை வரும்போது கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குவார்கள். அது விடுபட்டு மேலே வரும், அடியில் உள்ள தடி பனிக்கட்டியின் அடிப்பக்கம் முட்டி நிற்கும். எவ்வளவு வந்தது என்று அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க, திரும்பத் திரும்ப, ஊர்க்காரர் ஒருவர் போய் இதைச் செய்ய வேண்டும். இந்த மாதிரியான பொறுமையான வேலையில்தான் இரண்டு அறிவும் ஒன்றையொன்று நம்பத் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எல்லாம் மாறிவிட்டபோது பழைய அறிவு எதற்கு? கேள்விக்குள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அவர்களின் அறிவு என்பது "இந்த மேகம் வந்தால் இந்தப் புயல்" என்ற பட்டியல், பட்டியல் பொய்த்தால் அறிவும் முடிந்தது என்று. பட்டியலின் பல வரிகள் பொய்த்துவிட்டது உண்மைதான். பெரியவர்களே முதலில் சொன்னது அதைத்தான். ஆனால் பொய்த்துவிட்டது என்று கண்டுபிடித்தது எது? அதே கவனம்தான். வழக்கம் எது என்று நுணுக்கமாகத் தெரிந்தவருக்குத்தான் வழக்கம் மீறியது தெரியும். பேக்கர் லேக்கில் எண்களில் யாரும் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பார்த்தது அதனால்தான். கணிப்புச் சொல்வதை நிறுத்திய பெரியவரின் மௌனத்தையும் நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வேன். தன் கணிப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தெரிந்து நிறுத்துகிறவரைவிட நேர்மையான வானிலையாளர் எங்கே இருக்கிறார்?

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. இளைஞர்கள் பனிமேல் போகும் நாட்கள் குறைந்துவிட்டன. பள்ளி, வேலை, பெட்ரோல் விலை, இப்போது நம்ப முடியாத பனிக்கட்டி. போகாமல் இந்தக் கவனம் வராது. வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கவும் முடியாது. பாஃபின் தீவின் வடக்கே மிட்டிமாதலிக் என்ற ஊரில் இதற்கு ஒரு வழி தேடுகிறார்கள். சிகுமியுட், அதாவது கடல்பனி மக்கள், என்ற பெயரில் ஊர்க்குழு ஒன்று ஸ்மார்ட்ஐஸ் வேலையை அங்கே வழிநடத்துகிறது. கடல்பனி பற்றிய இனுக்டிடூட் சொற்களைத் தொகுத்திருக்கிறார்கள். இளைஞர்கள் செயற்கைக்கோள் படத்தையும் கருவி அளவுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, அனுபவசாலிகளோடு உட்கார்ந்து, எங்கே போகலாம், எங்கே மெதுவாகப் போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்று வண்ணம் தீட்டி வரைபடம் செய்கிறார்கள். படத்தில் ஒரு சாம்பல் திட்டைக் காட்டி இது என்ன என்று இளைஞர் கேட்க, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பெரியவர் சொல்ல, அந்தப் பெயர் வரைபடத்தில் ஏறுகிறது. அடுத்த வாரம் புதுப் படம் வரும்போது மறுபடி உட்காருகிறார்கள்.